எழுபத்திரண்டு மேளம், ஒரு பியானோ, எங்க அப்பாவின் தோடி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களும் கரன்ட் போய் வந்த இரண்டு இடங்களும் நீக்கப்பட்டிருக்கின்றன.)

செஞ்சியில எங்க வீட்டு மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற சின்ன ரூம்ல இருந்து பேசறேன். ஜன்னலைத் திறந்தா ராஜகிரி தெரியும். காத்து அடிச்சா மைக்ல சத்தம் வரும், அதனால மூடி வச்சிருக்கேன். ஃபேனும் ஆஃப். வேர்க்குது. பரவாயில்ல, ஆரம்பிச்சிடலாம்.

பாண்டிச்சேரி பீச்சுக்குப் போயிருப்பீங்க. காந்தி சிலையைச் சுத்தி உயரமா கருங்கல் தூண்கள் நிக்கும், பாத்திருப்பீங்க. எல்லாரும் அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுப்பாங்க. அந்தத் தூண்கள் எங்க ஊர்க் கல்லு. செஞ்சிக் கோட்டையில இருந்து போனது. 1750-ல புஸ்ஸி தலைமையில பிரெஞ்சுப் படை இந்தக் கோட்டையைப் பிடிச்சது. 1761-ல ஆங்கிலேயர்கிட்ட விட்டுட்டுப் போச்சு. நடுவுல பதினோரு வருஷம். சின்ன வயசுல அந்தத் தூண்களைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கோபம் வரும். தூணைத் தூக்கிட்டுப் போனீங்களே, மேல இருந்த கூரையை என்னய்யா பண்ணீங்கன்னு.

இன்னைக்குப் பேசப்போறதும் ஒரு பிரெஞ்சுக்காரர் இங்கிருந்து எடுத்துட்டுப் போன ஒன்னைப் பத்தித்தான். கல்லு இல்ல, மேளகர்த்தா.

அவர் பேரு ஜாக் ஷார்பாந்தியே. 1933-ல பாரிஸ்ல பிறந்தவர், 2017-ல இறந்தார். இருபது வயசு வாக்கில, 1953-54-ல, ஒன்னரை வருஷம் இந்தியாவில இருந்தார். பம்பாய்லயும் கல்கத்தாவிலயும் தங்கி நம்ம இசையைப் படிச்சார். திரும்பிப் போய் பாரிஸ் கன்சர்வேட்டரியில ஒலிவியே மெஸ்ஸியான்கிட்ட படிச்சார். மெஸ்ஸியான் யாருன்னா, இருபதாம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையில ரொம்பப் பெரிய பேரு. பறவைகளோட பாட்டை நோட்டுப்புத்தகத்துல எழுதி வச்சு அதை பியானோவுக்குக் கொண்டுவந்தவர். சார்ங்கதேவரோட சங்கீத ரத்னாகரத்துல, அதாவது பதிமூணாம் நூற்றாண்டு நூல்ல, வர்ற 120 தேசி தாளங்களை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துல பாத்து, அதை வச்சே வாழ்நாள் முழுக்க இசை அமைச்சவர். ஆக, குருவுக்கு நம்ம தாளம், சீடருக்கு நம்ம மேளம்.

1957-ல ஷார்பாந்தியே ஒரு வேலையை ஆரம்பிக்கிறார். தனி பியானோவுக்கு எழுபத்திரண்டு எத்யூத். எத்யூத்ன்னா பயிற்சிக்காக எழுதற துண்டு. பயிற்சின்னதும் சரளி வரிசைன்னு நினைச்சுக்காதீங்க. ஷோப்பான், தெபுஸி எல்லாம் எழுதின எத்யூதுகள் மேடையில வாசிக்கிற முழு உருப்படிகள். ஷார்பாந்தியே தன்னோட தொகுப்புக்கு வச்ச பேரு 'எத்யூத் கர்நாதிக்'. கர்நாடகப் பயிற்சிகள். ஒரு மேளகர்த்தாவுக்கு ஒன்னு. ஆறு ஆறா பன்னிரண்டு சுற்று. முடிச்சது 1984-ல. இருபத்தேழு வருஷம்! எனக்கு இன்னும் அந்த வயசே முழுசா தாண்டல.

இதை நான் கண்டுபிடிச்சது தற்செயலாத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்‌ஷன்ல ஒரு பிரச்சனை, பில்ட் ஓடிக்கிட்டு இருக்கு, சும்மா யூடியூப்ல என்னமோ தேடறேன். பியானோ, கர்நாடகம்னு ரெண்டும் ஒரே தலைப்புல வந்துச்சு. யாரோ ஃபியூஷன் பண்ணியிருக்காங்கன்னு நினைச்சு ப்ளே பண்ணேன். ஃபியூஷன் இல்ல. தபலா இல்ல, தம்புரா இல்ல, ஊதுபத்தி வாசனையும் இல்ல. தனியா ஒரு பியானோ.

சரி, மேளகர்த்தா தெரியாதவங்களுக்கு ரெண்டு நிமிஷம். தெரிஞ்சவங்க டீ போட்டுட்டு வாங்க.

பியானோவிலயோ கீபோர்டுலயோ ஒரு 'ஸ'வுல இருந்து அடுத்த 'ஸ'வுக்கு முன்னாடி வரைக்கும் எண்ணிப் பாருங்க, கறுப்பும் வெள்ளையுமா பன்னிரண்டு கட்டை. ஸட்ஜமும் பஞ்சமமும் மாறாது. நடுவுல இருக்கிற மத்யமத்துக்கு ரெண்டு கட்டை, அதுல ஒன்னு எடுத்துக்கணும். ஸ-வுக்கும் ம-வுக்கும் நடுவுல நாலு கட்டை. அதுல ரெண்டை எடுத்தா கீழ இருக்கிறது ரிஷபம், மேல இருக்கிறது காந்தாரம். நாலுல ரெண்டு எடுக்க ஆறு வழி. பஞ்சமத்துக்கு மேலயும் அதே மாதிரி நாலு கட்டை, தைவதம், நிஷாதம், ஆறு வழி. ஆறு பெருக்கல் ஆறு பெருக்கல் ரெண்டு. எழுபத்திரண்டு.

கோடு எழுதறவங்களுக்கு இது ஒன்னுக்குள்ள ஒன்னா மூணு ஃபார் லூப். வெளியில மத்யமம், ரெண்டு தடவை ஓடும். அதுக்குள்ள ரி-க, ஆறு தடவை. அதுக்கும் உள்ள த-நி, ஆறு தடவை. நடு லூப் ஒரு தடவை நகர்ந்தா ஒரு சக்கரம் முடிஞ்சுது. அப்படிப் பன்னிரண்டு சக்கரம். ஷார்பாந்தியே பன்னிரண்டு சுற்றா பிரிச்சது சும்மா இல்ல, இந்தச் சக்கரக் கணக்கை அப்படியே வச்சிருக்கார்.

எந்த விதியும் இல்லாம, ஸ-வை மட்டும் வச்சுக்கிட்டு மீதி பதினொன்னுல ஆறு எடுத்தா 462 வழி வரும். அதுல விதி போட்டு எழுபத்திரண்டா குறைச்சிருக்காங்க. பேரை வச்சே நம்பரைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கு, கடபயாதி. 'மாயாமாளவகௌளை'யில முதல் எழுத்து 'ம'வுக்கு அஞ்சு, அடுத்தது 'ய'வுக்கு ஒன்னு. அம்பத்தொன்னு. திருப்பிப் போட்டா பதினஞ்சு. பதினஞ்சாவது மேளம். பேருக்குள்ளயே இண்டெக்ஸ்! டேபிளைப் பாக்காமலே சுரத்தைச் சொல்லிடலாம்.

இந்தக் கணக்கைப் போட்டவர் வேங்கடமகி. பதினேழாம் நூற்றாண்டு, தஞ்சாவூர் நாயக்கர் அரசவை, நூல் சதுர்தண்டி பிரகாசிகை. அதே காலத்துல எங்க செஞ்சியிலயும் நாயக்கர் ஆட்சிதான். கோட்டைக்குள்ள இன்னைக்கும் நிக்கிற பெரிய பெரிய நெற்களஞ்சியத்தைப் பாத்திருப்பீங்களே, அதெல்லாம் அந்த ஆட்கள் கட்டினதுன்னு சொல்வாங்க. இன்னைக்கு நாம சொல்ற கனகாங்கி, ரத்னாங்கி மாதிரி பேருங்க பின்னாடி கோவிந்தர்ங்கிறவரோட சங்கிரக சூடாமணி வழியா வந்தது. ஆனா எழுபத்திரண்டுங்கிற எண்ணு வேங்கடமகியோடது.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் ரொம்பப் பிடிச்சுது. வேங்கடமகி எழுபத்திரண்டு போட்டாரே தவிர, அவர் காலத்துல புழக்கத்துல இருந்தது வெறும் பத்தொன்பது மேளம்தான். மீதி அம்பத்து மூணு யாரும் பாடாதது. இசைக்கு முன்னாடியே கட்டம் போட்டு வச்சுட்டார். பிளாட் போட்டாச்சு, குடி வரணும். அதுக்கப்புறம் வந்தவங்க ஒவ்வொரு வீடா விளக்கேத்தினாங்க. மகா வைத்தியநாத அய்யர் எழுபத்திரண்டையும் ஒரே ராகமாலிகையில கோத்தார். கோடீஸ்வர அய்யர் எழுபத்திரண்டுக்கும் தமிழ்லயே, முருகன் மேல, தனித்தனிக் கீர்த்தனை செஞ்சார், 'கந்த கானாமுதம்'னு. அதை எஸ். ராஜம் பாடிப் பரப்பினார். அந்த வரிசையில, பாரிஸ்ல ஒரு பியானோக்காரரும் வந்து நிக்கிறார்னு சொல்லலாமா? இதுதான் இன்னைக்குக் கேள்வி.

சொல்லக்கூடாதுன்னு எங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்கார். எங்க அப்பா. நாதஸ்வர வித்வான்.

இதை நான் இந்த பாட்காஸ்ட்ல இதுவரைக்கும் சொன்னதில்ல. நாப்பது வருஷமா இந்தச் சுத்துவட்டாரத்துல கோயில், கல்யாணம், காதுகுத்துன்னு வாசிக்கிறவர். நான் ஏழாவது, எட்டாவது படிக்கும்போது கல்யாணத்துக்கெல்லாம் லைட் மியூசிக் பார்ட்டி வர ஆரம்பிச்சுது. மேடையில ரெண்டு கீபோர்டு, பெரிய ஸ்பீக்கர். அப்பாவுக்கு முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம். கெட்டிமேளம் அடிச்சதும் "போதும்ணே, பார்ட்டிக்காரங்க ரெடியாகணும்"னு சொல்லிடுவாங்க. அப்பாவும் தவில்கார மாமாவும் பந்திக்குக் கூட நிக்காம சீவாளியைக் கழட்டி டப்பாவுல வச்சுட்டு கிளம்பிடுவாங்க.

அந்த நேரத்துல நான் என்ன கேட்டேன் தெரியுமா? எனக்கு கீபோர்டு வாங்கிக் குடுங்கப்பான்னு.

அவர் திட்டல. "அதுல ஒன்னும் வராதுடா"ன்னு மட்டும் சொன்னார். இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டினது அவர் ஊதின காசு. முதல் சம்பளத்துல நான் வாங்கினது அறுபத்தொரு கட்டை கீபோர்டு. அன்னைக்கு அவர் இந்த ரூம் பக்கமே வரல. அப்புறமும் வரல. சண்டை ஒன்னும் இல்ல, சாப்பாட்டு நேரத்துல நல்லாத்தான் பேசுவார். கீபோர்டைப் பத்தி மட்டும் பேச்சே கிடையாது.

போன மாசம் வீட்டுல இருந்து வேலை. ஷார்பாந்தியேவோட எட்டாவது எத்யூதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். எட்டாவது மேளம்னா ஹனுமதோடி. ஹெட்போன் சார்ஜ் தீந்து போய் லேப்டாப் ஸ்பீக்கர்ல ஓடிக்கிட்டு இருந்தது. அப்பா வாசல்ல வந்து நின்னார்.

"என்னடா இது?"

"தோடிப்பா. ஒரு பிரெஞ்சுக்காரர் பியானோவுக்கு எழுதினது."

முழுசா கேட்டார். நின்னுக்கிட்டே. முடிஞ்சதும், "சுரமெல்லாம் சரியா இருக்கு. தோடி இல்ல"ன்னார்.

நாதஸ்வரக்காரர்கிட்ட தோடின்னு சொல்றது சின்ன விஷயம் இல்ல. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடியைக் கேட்டு வளந்தவங்க அவங்க. ராஜரத்தினம் பிள்ளை இறந்தது 1956 டிசம்பர்ல. அடுத்த வருஷம் பாரிஸ்ல இந்த எத்யூதுகள் தொடங்குது. ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா அந்தத் தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல பாத்ததும் எனக்கு என்னமோ மாதிரி இருந்தது.

ஏன் தோடி இல்லன்னு கேட்டேன். பதில் சொல்லாம உள்ள போய் நாதஸ்வரத்தை எடுத்துட்டு வந்தார். "உன் பொட்டியில காந்தாரத்த அழுத்து"ன்னார். அழுத்தினேன். ஒரே சுரம், நேரா, கம்பி மாதிரி. அவர் அதே காந்தாரத்தை ஊதினார். அது ஒரு இடத்துல நிக்கவே இல்ல. கீழ ரிஷபத்துகிட்ட போய் வருது, மேல மத்யமத்தைத் தொடுது, ஆடிக்கிட்டே இருக்கு. ஆனா கேக்கறவனுக்கு அது ஒரே சுரம். "இந்த ஆட்டம்தான்டா தோடி. நீ நிறுத்தி வச்சிருக்கிறது தோடியோட நிழல்."

இதை இன்ஜினியர் பாஷையில சொல்லணும்னா, பியானோ தோடியை ஏழு எண்ணா ரவுண்ட் ஆஃப் பண்ணிடுது. நமக்குக் காந்தாரம்ங்கிறது ஒரு எண்ணு இல்ல, ஒரு பாதை. நாதஸ்வரத்துல விரல் வைக்க ஏழு துளைதான். மீதியெல்லாம் துளையைப் பாதி மூடி, சீவாளியில உதட்டு அழுத்தத்தை மாத்தி, மூச்சைக் கூட்டிக் குறைச்சு வர வைக்கிறது. பியானோவில சுத்தியல் கம்பியை அடிச்சதும் கதை முடிஞ்சுது. அதுக்கப்புறம் அந்தச் சுரத்தை வாசிக்கிறவரால அசைக்கவே முடியாது. ஹனுமதோடியோட ஏழு சுரத்தை பியானோவில வரிசையா வாசிச்சா, ஒரு ஐரோப்பியக் காதுக்கு அது ஃபிரிஜியன் மோடு, ஸ்பெயின் வாசனை அடிக்கும். திருவாவடுதுறை ஞாபகம் வராது.

அப்போ அந்தத் தூண் கதைதானா இது? தூணை எடுத்துட்டுப் போய்ட்டு கூரையை விட்டுட்டாங்களா?

அன்னைக்கு ராத்திரி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் ஒன்னு தோணுச்சு. ஷார்பாந்தியே தோடி ராகம் வாசிக்கிறேன்னு வரல. அவர் எடுத்தது மேளத்தை. மேளம் வேற, ராகம் வேறன்னு நம்ம ஆட்களே சொல்லிச் சொல்லித்தான் சிஷ்யங்களை வளர்க்கிறாங்க. மேளம்ங்கிறது ஏழு சுரம் இருக்கிற பொட்டி. அதுல இருந்து ராகம் பொறக்கும், பொறக்காமலும் போகும். அவர் அந்தப் பொட்டியை எடுத்து, பியானோவுக்கு எது வருமோ அதைச் செஞ்சார். நாலஞ்சு சுரத்தை ஒரே நேரத்துல அடுக்கி ஒலிக்க வைக்கிறது, ரெண்டு கைக்கும் ரெண்டு வேலை குடுக்கிறது, பெடலை மிதிச்சு எல்லாத்தையும் ஒன்னுக்குள்ள ஒன்னு கரைய விடறது. அதெல்லாம் நாதஸ்வரத்துல வராது. நியாயமாப் பாத்தா அதையும் சொல்லணும்.

இன்னொன்னு, அவர் எதையும் தாண்டிப் போக முடியாது. எழுபத்திரண்டுல நாப்பது மேளம் விவாதி மேளம். அதாவது ரிஷபமும் காந்தாரமும், இல்ல தைவதமும் நிஷாதமும், ஒட்டி ஒட்டி இருக்கும், அடுத்த சுரத்துக்கு ஒரே தாவா தாவணும். பாடறதுக்குக் கஷ்டம், கேக்கறதுக்கு நெருடல். அதைப் பாடினா தோஷம்னு ஒதுக்கி வச்சவங்களும் உண்டு. ஒன்னாம் நம்பர் கனகாங்கியே விவாதி. முதல் சக்கரத்துல ஆறும் விவாதி. நாம பந்துவராளி, கல்யாணி, கரகரப்பிரியான்னு நமக்குப் பிடிச்ச வீட்டுக்குப் போய் உக்காந்துக்கிறோம். அவர் ஒன்னாம் நம்பர் வீட்டுல ஆரம்பிச்சு எல்லா வாசலையும் தட்டணும். பூட்டின வாசலைத்தான் முதல்ல தட்டணும்.

இருபத்தொன்பதாவதா அவருக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கு. தீரசங்கராபரணம். அது ஐரோப்பாவோட மேஜர் ஸ்கேல், குழந்தைங்க பியானோவில முதல் நாள் வாசிக்கிற வெள்ளைக் கட்டை வரிசை. வேங்கடமகி கணக்கைப் பிடிச்சுக்கிட்டு இருபத்தெட்டு ஊர் சுத்தி வந்தா, இருபத்தொன்பதாவது அவங்க சொந்த வீடு. அவங்களுக்கு உலகமே அந்த ஒரு ஸ்கேல்ல இருந்துதான் ஆரம்பம். இந்த வரிசையில அது எழுபத்திரண்டுல ஒன்னு. அதுவும் நடுவுல எங்கயோ. எனக்கு இந்த மொத்தத் தொகுப்புலயும் பெரிய விஷயம் இதுதான். நம்ம வரைபடத்துல அவர் தன்னோட ஊரைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கார்.

அடுத்த நாள் காலையில, கொஞ்சம் தயக்கத்தோட, அப்பாகிட்ட கேட்டேன். "கனகாங்கி வாசிச்சிருக்கீங்களாப்பா?"

யோசிச்சார். "எங்க வாத்தியாரு மேளம் ஒப்பிக்கச் சொல்வாரு. வாசிச்சதில்ல. யாரு கேக்கறா?"

முதல் எத்யூதைப் போட்டேன். இந்த முறை உக்காந்து கேட்டார். தோடி மாதிரி இதுல "இது அது இல்ல"ன்னு சொல்றதுக்கு அவர்கிட்டயும் ஒரு நினைவு இல்ல. ரெண்டாவது தடவை போடச் சொன்னார். அப்புறம் நாதஸ்வரத்தை எடுத்து அந்த ஏழு சுரத்தைத் தேட ஆரம்பிச்சார். ரெண்டு இடத்துல தப்பு வந்தது. அப்பா வாசிச்சு தப்பு வந்து நான் கேட்டதே இல்ல. சிரிச்சுட்டு, "உன் பொட்டியில ஒரு தடவ வரிசையா வாசி"ன்னார்.

வாங்கினதுல இருந்து அந்த ரூமுக்குள்ள வராதவர், நான் கீபோர்டுல கை வச்சதும் பக்கத்துல வந்து உக்காந்து கட்டையைப் பாத்தார். அரை மணி நேரத்துல கனகாங்கி அவர் கைக்கு வந்துடுச்சு. அதுல கமகம் எங்க வைக்கலாம், எங்க வைக்கக் கூடாதுன்னு அவரே பாத்துப் பாத்து வச்சார். நான் வாயைத் திறக்கல.

இப்போ வாரம் ரெண்டு நாள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு எத்யூத். முதல்ல பியானோ, அப்புறம் அவர். பதினொன்னாவது வரைக்கும் வந்திருக்கோம். "வெறும் கணக்கு வாத்தியார்டா உங்க ஆளு"ன்னு சில நாள் சொல்வார். சில நாள், "இவன் கெட்டிக்காரன்"ன்னு. எட்டாவதை மட்டும் திரும்பக் கேக்க மாட்டேன்னுட்டார். தோடியில அவர் விட்டுக் குடுக்கல. குடுக்கவும் வேணாம். கல்யாணத்துல இன்னும் அரை மணி நேரம்தான், அதுவும் மாறல.

போன ஞாயித்துக்கிழமை பாண்டிச்சேரி போயிருந்தேன். அந்தத் தூண்கள் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். கோபம் போயிடுச்சான்னா, இல்ல. அது செஞ்சியில இருக்க வேண்டிய கல்லு. கல்லை எடுத்தா எடுத்த இடம் காலியாகும். மேளம் அப்படி இல்ல. ஷார்பாந்தியே எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறமும் எழுபத்திரண்டும் இங்கயேதான் இருந்தது. நாமதான் அதுல பாதியைத் திறந்தே பாக்கல.

கேக்க விரும்பறவங்களுக்கு: ஜெர்மானிய பியானோ கலைஞர் மைக்கேல் ஷேஃபர் இதைப் பதிவு செஞ்சிருக்கார். இத்தாலியப் பியானோ கலைஞர் ஜியூசி கருசோ இந்தத் தொகுப்பை வாசிக்கிறதோட ஆராய்ச்சியும் செஞ்சிருக்கார். மொத்தமா ஒரே மூச்சுல கேக்காதீங்க, காது மரத்துப் போகும். ஒரு நாளைக்கு ஒன்னு. கேக்கறதுக்கு முன்னாடி அந்த மேளத்துல கோடீஸ்வர அய்யர் கீர்த்தனை ஒன்னு கேட்டுடுங்க. எங்க ஆடுது, எங்க நிக்குதுன்னு அப்போ புரியும்.

கீழ அப்பா சுருதிப் பெட்டியைப் போட்டாச்சு. இன்னைக்குப் பன்னிரண்டாவது, ரூபவதி. ரெண்டாவது சக்கரம் இதோட முடியுது. நான் போகணும். அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.